கருவி செய்பவரும் வாசிப்பவரும்



நம் தோட்டத்துக் கோயில்களில் திருவிழா என்றால் நாதசுவரம் ஒலிக்காமல் இராது. அந்த நாதசுவரத்திற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான, உச்சச் சுருதி கொண்ட குழல். அதில் சுத்த மத்திமம் என்ற சுரத்தைச் சரியாகப் பிடிப்பது பெரும்பாடு. நாதசுவரச் சக்கரவர்த்தி எனப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களுக்கு இந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் கடைந்துவந்த ரங்கநாதன் ஆசாரியாரிடம் அதை அவர் எடுத்துச் சொன்னார். ஆசாரியார் குழலின் நீளத்தையும் துளைகளின் அமைப்பையும் மாற்றினார். சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசும் நீண்ட பாரி நாதசுவரம் இப்படித்தான் மேடைக்கு வந்தது.

ஊதுபவர் குறையைச் சொன்னார். கடைபவர் காது கொடுத்தார். இதில் வியப்பு ஒன்றும் இல்லை என்று நமக்குத் தோன்றலாம். மரஞ்சீவும் கத்தியை எவரும் கடையில் வாங்கியபடியே வைத்துக்கொள்வதில்லை அல்லவா? தம் கைக்கு ஏற்றபடி தீட்டிப் பழக்கிக்கொள்கிறார்கள். அடுத்தவர் கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குள் போனால் வேலை ஓடாது என்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள் அறிவர்.

ஆனால் மின்சாரமும், அதன்பின் கணினியும் இசைக்குள் நுழைந்தபோது நிலைமை மாறியது. ஆசாரியார் பட்டறையில் உட்கார்ந்து குழலைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். மின்னணுக் கருவியின் உள்ளே இருப்பதோ வாசிப்பவர் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. அதைச் செய்பவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருப்பார். வாசிப்பவர் வேறோர் ஊரில் இருப்பார். இந்த இருவரும் எப்போது சேர்ந்து உட்கார்ந்தார்கள், எப்போது உட்காரவில்லை, அதனால் விளைந்தது என்ன என்பதையே இன்று காணவிருக்கிறோம்.

1920-ஆம் ஆண்டளவில் ரஷ்யாவில் லெவ் தெர்மென் என்ற இயற்பியலாளர் விந்தையான கருவி ஒன்றைப் படைத்தார். மேலை நாடுகளில் அவரைத் தெரமின் என்றனர். கருவிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு பெட்டி, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு கம்பி, பக்கவாட்டில் ஒரு வளையம். வாசிப்பவர் எதையும் தொடுவதில்லை. வலக்கையைக் கம்பிக்கு அருகே கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும். இடக்கையை வளையத்தின் அருகே அசைத்தால் ஒலி கூடும், குறையும். காற்றைத் தடவி இசை எழுப்புவது போன்ற காட்சி!

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1929-இல் இதைச் செய்து விற்கத் தொடங்கியது. வாயால் ராகம் முணுமுணுக்கத் தெரிந்த எவரும் வாசித்துவிடலாம் என்பது போல விளம்பரம் செய்தார்கள். உண்மையில் இதைப் போல் கடினமான கருவி வேறு இல்லை. விரலை வைக்க மெட்டும் இல்லை, தந்தியும் இல்லை. காதை மட்டுமே நம்பிச் சுரம் பிடிக்க வேண்டும். உலகப் பொருளாதாரமும் அவ்வாண்டில் சரிந்தது. ஏறக்குறைய 500 கருவிகளோடு அந்த வாணிபம் முடிந்துபோயிற்று.

அதே கருவி ஓர் அம்மையாரின் கையில் வேறு கதி அடைந்தது. கிளாரா ராக்மோர் 1911-இல் வில்னா நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே வயலினில் மேதை எனப் பெயர் பெற்றவர். அமெரிக்காவில் குடியேறியபின், கை எலும்பில் ஏற்பட்ட பாதிப்பால் வயலினைக் கைவிட நேர்ந்தது. குழந்தைப் பருவத்தில் போதிய உணவு கிடைக்காததே அதற்குக் காரணம் என்பார்கள். வில்லைப் பிடிக்க இயலாமற்போன அந்தக் கை, எதையும் பிடிக்கத் தேவையில்லாத தெரமினைத் தேடிச் சென்றது.

ஆனால் அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை. கருவியை உண்டாக்கியவரிடமே போய், இது போதாது என்றார். மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும். இடக்கை அசைவுக்கு ஒலி உடனே கட்டுப்பட வேண்டும், அப்போதுதான் சுரங்களை வெட்டி வெட்டி வாசிக்க முடியும். பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும், வாசிப்பவரைச் சபையோர் காணட்டும் என்றெல்லாம் கேட்டார். தெர்மென் அவருக்கென்றே தனிக்கருவி செய்து கொடுத்தார். 1934-இல் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் அவர் வாசித்தபோது, அது வித்தை காட்டும் பெட்டி என்ற எண்ணம் மறைந்து இசைக்கருவி என்ற மதிப்பு வந்தது. விளம்பரத்தால் ஆகாத காரியம், வயலின் பழகிய ஒரு காதின் பிடிவாதத்தால் ஆயிற்று.

பள்ளிப் பருவத்தில் தெரமின் கருவிகளைத் தாமே செய்து பழகிய ஓர் அமெரிக்கர் ராபர்ட் மோக். அவர் 1963-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் நடந்த இசையாசிரியர் மாநாடு ஒன்றிற்குத் தம் கருவிகளை விற்கப் போனார். அங்கே ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையாசிரியரைச் சந்தித்தார். ஆசிரியர் மாநாடுகளில் பயனுள்ள காரியமும் நடப்பதுண்டு என்பதற்கு இதை நாம் தயங்காமல் சான்று காட்டலாம்! மறு ஆண்டுக் கோடையில் டாய்ச், மோக்கின் பட்டறைக்கே வந்து தங்கினார். ஒருவர் கம்பிகளை இணைப்பார். மற்றவர் கேட்டுவிட்டு, இன்னும் எப்படி வேண்டும் என்பார்.

சுரம் சட்டென்று தொடங்கிச் சட்டென்று அறுந்துபோனால் அது இசையாகக் காதில் விழாது. வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி எழுந்து, நின்று, மெல்லத் தேய்கிறதல்லவா? அந்தத் தேய்வு வேண்டும் என்றார் டாய்ச். மோக் அவரைக் கடைக்கு அனுப்பி, வீட்டு வாசலில் பொருத்தும் அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவரச் செய்து, அதை அழுத்தினால் ஒலி எழுந்து தேயும்படி அமைத்தார். பியானோவைப் போன்ற கட்டைகள் வைப்பதா வேண்டாமா என்பதிலும் டாய்ச்சின் சொல்லைக் கேட்டுக் கட்டைகள் வைத்தார். சிந்தசைசர் என்று நாம் அறியும் கருவியின் பிறப்பு அது. பின்னர் வெண்டி கார்லோஸ் என்ற இசைவாணர், விரலின் அழுத்தத்தை உணரும் கட்டைகள் வேண்டும் என்று மோக்கிடம் கேட்டுப் பெற்றார். 1968-இல் அவர் அந்தக் கருவியில் பாக் என்னும் ஜெர்மானியப் பேரிசைஞரின் படைப்புகளை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையாகி, மூன்று கிராமி விருதுகளையும் பெற்றது.

இதுவரை சொன்னவை மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால் ஒலியை உண்டாக்குபவை. மின்னிலக்கம் என்பது வேறு. அதில் ஒலி எண்களாக எழுதப்படுகிறது. ஒரு குறுந்தட்டில் ஒரு விநாடிப் பாட்டுக்கு, ஒவ்வொரு ஒலித்தடத்திலும் 44,100 எண்கள் உள்ளன. எண்கள் என்றால் கணினியின் வேலையாயிற்று. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியியலாளர், கணினிக்கு இசை சொல்லிக்கொடுக்கும் செய்நிரலை எழுதினார். முதலில் ஒலித்தது 17 விநாடி மட்டுமே. கணக்கைச் செய்த ஐ.பி.எம். 704 கணினி நியூயார்க் நகரில் இருந்தது. அதன் விடைகளைக் காந்த நாடாவில் பதித்து, நியூ ஜெர்சியில் இருந்த ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துவந்து, அங்கிருந்த வேறொரு பொறியில் ஓட்டினால்தான் ஒலி கேட்கும். வாசித்துக்கொண்டே கேட்பது, கேட்டுக்கொண்டே திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த ஒலியையும் எண்ணால் எழுதிவிடலாம் என்ற அளவற்ற ஆற்றல் ஒரு பக்கம். வாசிப்பவரின் விரலுக்கு அங்கே வேலையே இல்லை என்பது மறு பக்கம். நம் கருத்தில் மின்னிலக்க இசையின் முழு வரலாறும் இந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் முயற்சிதான். மேத்யூஸே வயலின் வாசிப்பவர். பிற்காலத்தில் கையசைவால் கணினி இசையை நடத்தும் கோல்களையும் செய்தார்.

மேத்யூஸின் கட்டுரையைப் படித்துவிட்டுக் கணினியைத் தேடிப் போனவர் ஜான் சௌனிங். பொறியியலாளர் அல்லர், தாளக்கருவி வாசிப்பவர், இசையமைப்பாளர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967-இல் அவர் ஒரு சுரத்திற்கு அசைவு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பாடகர்கள் குரலை அசைப்பது போன்ற அசைவுதான். அதன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அசைவு காதுக்குப் புலப்படாமல் மறைந்து, அந்த இடத்தில் மணி ஒலி போலவும் பித்தளைக் கருவி போலவும் புதுப்புது நாதங்கள் கேட்டன. கணக்குத் தெரிந்தவர்களைவிடக் காது பழகியவர் கண்டுபிடித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் இதில் அக்கறை காட்டவில்லை. ஜப்பானின் யமாஹா நிறுவனம் உரிமத்தைப் பெற்றது. பல ஆண்டு உழைப்புக்குப்பின் 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவி வெளிவந்து, ஒரு லட்சத்திற்கும் மேல் விற்றது.

அந்தக் கருவியின் முகப்பில் இருந்தவை தட்டையான பொத்தான்களும் இரண்டு வரி மட்டுமே காட்டும் சிறு திரையும். உள்ளே இருந்த ஒலியை மாற்றி அமைப்பது சாமானியர் எவருக்கும் எளிதாக இல்லை. பெரும்பாலோர் நிறுவனம் வைத்துக்கொடுத்த ஒலிகளையே அப்படியே வாசித்தனர். அதனால்தான் அந்தக் காலத்து மேலைப் பாட்டுகள் பலவற்றில் ஒரே பியானோ ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். அந்த ஒலிகளை அமைத்துக்கொடுத்தவர்களும் இசைஞர்களே என்பதால் அவை இனிமையாக இருந்தன. ஆனால் இருவர் காதுக்குப் பிடித்தது எல்லார் பாட்டிலும் ஏறிவிட்டது.

அதே 1983-இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இக்குத்தாரோ காக்கேஹாஷி ஆகிய இருவரும் முன்னின்று, போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுமொழியை உருவாக்கினர். மிடி என்பது அதன் பெயர். எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வலிவோடு அழுத்தினார்கள் என்பதை எண்களாக அனுப்பும் முறை. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா அவர்கள் கணினியின் துணைகொண்டு அமைத்த இசையை நம்மில் பலர் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அந்த வாசலைத் திறந்துவிட்டது இத்தகைய முயற்சிகளே. எனினும், கட்டை வைத்து வாசிப்பவரை எண்ணிச் செய்த மொழி அது. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகத்தை அதில் எழுதுவது இயல்பாக வராது. சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். அமைத்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது கருவியிலேயே தெரிந்துவிடுகிறது.

கிளாரா அம்மையாரும் டாய்ச்சும் கேட்டார்கள், கிடைத்தது. அவர்கள் பெயர் பெற்றவர்கள், செய்பவருக்கு நண்பர்கள். பெயரில்லாதவர் கேட்டால்? பயன்படுத்துபவருக்குக் கருவியைப் பற்றிப் பேசும் உரிமையே உண்டு என்ற எண்ணம் இசை அரங்கில் முளைக்கவில்லை. அது முளைத்த இடம் தொழிற்சாலை. ஆகவே சற்று நேரம் நார்வே நாட்டிற்குப் போவோம்.

கிரிஸ்டன் நைகார்டு நார்வேயின் கணினி அறிஞர். ஓலே-யோகான் டால் என்பவரோடு சேர்ந்து சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கியவர். அதற்காக 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது, கணினித்துறையின் மிக உயர்ந்த விருது, இருவருக்கும் கிடைத்தது. தம் ஆய்வுகள் முதலாளிமாருக்கு மட்டும் கை கொடுக்கின்றன, வேலை செய்பவரின் பிடியோ தளர்கிறது என்ற கவலை அவருக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு அவர் சேர்ந்து பணியாற்றினார். தொழிற்சாலைக்குள் கணினி வரப்போகிறது. அது என்ன செய்யும், வேலை எப்படி மாறும், நாம் என்ன கேட்கலாம் என்பதைத் தொழிலாளரே படித்துத் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்தார். அவர்கள் படிப்பதற்கென்றே பாடநூல் எழுதப்பட்டது. சம்பளத்திற்கும் வேலை நேரத்திற்கும் பேசிவந்த சங்கம், பொறியின் அமைப்பைப் பற்றியும் பேசத் தொடங்கியது. 1977-இல் நார்வேயில் இயற்றப்பட்ட பணிச்சூழல் சட்டம், வேலையைத் திட்டமிடும் முறைகளைப் பற்றித் தொழிலாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, பயிற்சியும் தந்து, அவற்றை அமைப்பதில் அவர்களுக்குப் பங்கும் தர வேண்டும் என்று கூறியது.

அடுத்து 1981 முதல் 1985 வரை, அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஸ்வீடன், டென்மார்க் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ‘உட்டோபியா’ என்ற திட்டத்தை நடத்தினர். ஈய எழுத்து போய்க் கணினி வரும் காலம் அது. செய்தித்தாளின் பக்கத்தை அமைப்பவருக்கு எத்தகைய கணினி வேண்டும்? காகிதத்தில் கேள்வி எழுதிக் கொடுத்தால் விடை வரவில்லை. கையால் வேலை செய்பவரின் அறிவு கையில் இருக்கிறது. சொல்லச் சொன்னால் திகைப்பார். அதனால் ஆய்வாளர்கள் பலகையாலும் அட்டைப்பெட்டியாலும் பொய்க் கணினி செய்தார்கள். பெட்டியின்மேல் ‘அச்சுப்பொறி’ என்று எழுதி வைத்தார்கள். தொழிலாளர் அதன் முன் உட்கார்ந்து, வேலை செய்வதுபோலவே செய்து பார்த்து, இது இங்கே இருக்கக்கூடாது, திரை இன்னும் பெரிதாக வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அட்டையை வெட்டி மாற்றினார்கள். சந்தையில் அந்தக் கணினி பெரிய வெற்றி காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அட்டைப்பெட்டி முறை உலகமெங்கும் பரவிவிட்டது. பங்கேற்பு வடிவமைப்பு என்று அதை அழைக்கின்றனர்.

இசைக்கருவி ஆய்வாளர்களும் இந்த முறையைக் கைக்கொண்டனர். 2001-இல் சியாட்டில் நகரில் ஒரு சிறு பட்டறையாகக் கூடிய அவர்கள், அதன்பின் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகின்றனர். கையுறைகள், மேசைகள், ஒளிக்கதிர்கள் என எத்தனையோ புதுக்கருவிகள் அங்கே வந்தன. அவற்றுள் பல, செய்தவரே ஓரிரு முறை வாசித்ததோடு நின்றுபோயின. நம் பள்ளி அலமாரிகளிலும், எவர் கேட்டு வந்தது என்று தெரியாத பொருள்கள் துணி போர்த்திக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

நிலைத்தவற்றுள் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். பாலின் ஒலிவேரோஸ் 1932-இல் பிறந்த அமெரிக்க இசையமைப்பாளர். அக்கார்டியன் என்னும் துருத்திப்பெட்டி வாசிப்பவர். நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குப் பறையடித்துக் கூடி இசைக்கும் வகுப்பு ஒன்று நடந்துவந்தது. கோலைப் பிடிக்கவே முடியாத பிள்ளைகள், சக்கர நாற்காலியில் அமர்ந்து மற்றவர் வாசிப்பதைப் பார்க்க மட்டுமே முடிந்தது. 2007-ஆம் ஆண்டளவில் ஒலிவேரோஸ் அம்மையாரும், அந்த வகுப்பை நடத்திய சிகிச்சையாளரும், ரென்சலர் தொழில்நுட்பக் கழக மாணவர்களும் சேர்ந்து அவர்களுக்கென ஒரு கருவி செய்தனர். அவுமி என்பது அதன் பெயர்.

அதில் தொடுவதற்கு எதுவும் இல்லை. கணினியின் படக்கருவி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூக்கு நுனியையோ வேறோர் இடத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளும். பிள்ளை தலையைச் சற்றே சாய்த்தால் திரையில் அந்தப் புள்ளி நகரும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஒலி எழும். தெரமினின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சும் வராது. கிளாரா அம்மையாரைப் போல, ஐந்து ஸ்தாயி வேண்டும் என்று அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த ஒலிக்கு முகம் மலர்கிறது, எந்த ஒலிக்குத் திரும்பிக்கொள்கிறது, எந்தப் பக்கம் அசைப்பது நோவில்லாமல் இருக்கிறது என்று கவனித்துக் கவனித்து மாற்றினார்கள். ஒரு பிள்ளைக்கு விரற்கடை அசைவு போதும். இன்னொரு பிள்ளையின் உடல் தானாகவே துள்ளும், அந்தத் துள்ளலுக்கெல்லாம் ஒலி எழுந்தால் பிள்ளை மிரண்டுவிடும். ஆகவே ஆளுக்கு ஆள் அளவை மாற்றிக்கொள்ளும் வசதியை உள்ளேயே வைத்தனர்.

ஒலிவேரோஸ் அம்மையார் 2016-இல் காலமானார். அதன் பிறகும் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல்கலைக்கழகத்தார் சேர்ந்து அந்தக் கருவியைத் திருத்தி வருகின்றனர். கட்டணமின்றியே அதைக் கொடுக்கிறார்கள். படக்கருவி உள்ள கணினி ஒன்று இருந்தால் போதும். முதலில் நாற்காலியை எங்கே நிறுத்துவது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதன்பின் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் எளிதாகத் திரும்புகிறது என்று காத்திருந்து பார்த்து, அந்தப் பக்கத்தில் முதல் சுரத்தை வைக்கிறார்கள்.